பெயர் தெரியாத நோயோடு பள்ளிக்கு வருபவர்கள்

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 22 அன்று நம் பள்ளிகளில் தேசிய கணித நாள் கொண்டாடுகிறோம். இராமானுஜனைப் பற்றி மாணவர்கள் பேசுவார்கள். ஈரோட்டில் பிறப்பு, கும்பகோணத்தில் படிப்பு, ஹார்டிக்குக் கடிதம், 1729 என்ற எண் என்று வரிசையாக வரும். "32 வயதில் காசநோயால் காலமானார்" என்று பேச்சு முடியும். அந்தக் கடைசி வரியைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இராமானுஜனுக்கு வந்த நோய் இன்னது என்று அவர் உயிரோடு இருந்தவரை உறுதியாகக் கண்டறியப்படவில்லை. காசநோய் என்பது அன்றைய மருத்துவர்கள் தற்காலிகமாக ஏற்றுக்கொண்ட ஒரு முடிவு. அதுவே பிறகு நிலைத்துவிட்டது.

நான் தாம்பரத்தை அடுத்த ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியர். 19 மாதங்களாக எனக்கும் பெயர் வைக்கப்படாத ஒரு நோய் இருக்கிறது. எட்டாம் வகுப்பில் என்னிடம் படிக்கும் ஒரு மாணவிக்கும் அப்படியே. அவளுக்கு வேறு நோய், வேறு மருத்துவமனை. ஆனால் இருவரும் ஒரே இடத்தில் நிற்கிறோம். உடம்பு சரியில்லை என்பது தெரிகிறது, என்னவென்று தெரியவில்லை. இந்த இடைக்காலத்தைப் பற்றி நம் ஆசிரியர் அறைகளில் அதிகம் பேசுவதில்லை. நோயின் பெயர் தெரிந்த பிள்ளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று நமக்குப் பயிற்சிகளில் சொல்கிறார்கள். பெயர் தெரியாத பிள்ளை வருகைப் பதிவேட்டில் ஒரு விடுப்பாக மட்டும் நின்றுவிடுகிறாள்.

இராமானுஜனின் நோய்

1917-ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் இராமானுஜன் நோயுற்று, கேம்பிரிட்ஜில் ஒரு மருத்துவ இல்லத்தில் சேர்க்கப்பட்டார். முதலில் இரைப்பைப் புண் என்றார்கள். பிறகு அதைக் கைவிட்டுக் காசநோய் என்றார்கள். இடையில் ஒரு மருத்துவர் புற்றுநோயாக இருக்குமோ என்று ஐயப்பட்டார். அதற்குக் காரணம், இந்தியாவில் 1910-ல் இராமானுஜன் செய்துகொண்ட விரைவீக்க அறுவை சிகிச்சை. அப்படி ஓர் அறுவை சிகிச்சை நடந்தது என்பதே மற்ற மருத்துவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. மாதங்கள் சென்றும் நிலைமை மோசமாகாததால், ஐயப்பட்டவரே அந்தக் கருத்தை விட்டுவிட்டார். இங்கே இரண்டு செய்திகள் இருக்கின்றன. நோயாளியின் பழைய வரலாறு ஒரே இடத்தில் எழுதப்பட்டிருக்கவில்லை. காத்திருந்த அந்த மாதங்களே ஒரு பரிசோதனையாகவும் அமைந்து, ஒரு நோயை விலக்க உதவின.

காசநோய் என்று கருதியதால் திறந்தவெளிச் சிகிச்சை அளித்தார்கள். குளிர்ந்த காற்று, ஓய்வு, நல்ல உணவு என்பதே அந்தக் காலத்துக் காசநோய் மருத்துவம். சைவ உணவு மட்டுமே உண்ட, இங்கிலாந்தின் குளிர் பழகாத ஒருவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 1918-ன் தொடக்கத்தில் அவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று காப்பாற்றப்பட்டார். அதே 1918-ல்தான் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும், டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோவாகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1919 மார்ச்சில் இந்தியா திரும்பினார். கொடுமுடி, கும்பகோணம், சென்னை என்று இடம் மாறிச் சிகிச்சை தொடர்ந்தது. 1920 ஜனவரியில், படுக்கையில் இருந்தபடியே, மாக் தீட்டா சார்புகளைப் பற்றி ஹார்டிக்கு எழுதினார். ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் காலமானார்.

1994-ல் டி.ஏ.பி. யங் என்ற ஆய்வாளர், கிடைத்த கடிதங்களையும் குறிப்புகளையும் திரட்டி, ராயல் சொசைட்டியின் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அறிகுறிகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது அவர் கருத்து. 1906-ல் பச்சையப்பன் கல்லூரியில் படித்தபோது இராமானுஜனுக்குக் கடுமையான வயிற்றுப்போக்கு வந்திருக்கிறது. அந்தக் கிருமி ஆண்டுக்கணக்கில் உடலில் தங்கியிருந்து பிறகு கல்லீரலைத் தாக்கக்கூடியது. அதற்கு எமட்டின் ஊசி மருந்து 1912-லேயே கல்கத்தாவில் லியோனார்ட் ராஜர்ஸால் பயன்பாட்டுக்கு வந்திருந்தது. யங்கின் முடிவை இனி யாரும் பரிசோதித்து உறுதிசெய்ய முடியாது. கணித நாளில் பேசும் மாணவரிடம் "காசநோய் என்று கருதிச் சிகிச்சை அளித்தார்கள்" என்று சொல்லச் சொன்னால் போதும், வரி சரியாகிவிடும்.

நம் ஊருக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 1917-ல் இராமானுஜன் சில காலம் தங்கியிருந்த மெண்டிப் ஹில்ஸ் சானடோரியத்தை நடத்தியவர் டாக்டர் டேவிட் சௌரிமுத்து என்ற தமிழர். அவரே பின்னர் இந்தியா வந்து, 1928-ல் தாம்பரத்தில் 250 ஏக்கர் நிலத்தில் 12 படுக்கைகளோடு ஒரு காசநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். 1937-ல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்ரயில் நிற்கிற 'தாம்பரம் சானடோரியம்' நிலையத்தின் பெயர் அங்கிருந்து வந்ததுதான். நம் மாணவர்கள் தினமும் காதில் கேட்கிற பெயர். கணித நாளன்று இதைச் சொல்லிப் பாருங்கள், பின் பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

ஏன் இவ்வளவு தாமதம்?

இராமானுஜன் காலத்தில் ஸ்கேன் இல்லை, இன்றைய இரத்தப் பரிசோதனைகள் இல்லை. இன்று எல்லாம் இருந்தும் ஏன் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது? இந்தக் கேள்வியோடு பல மாதங்கள் மின்ரயிலில் பார்க் வரை போய் வந்திருக்கிறேன். அங்கே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் மூட்டு, தசை, இணைப்புத்திசு நோய்ப் பிரிவில்தான் என்னைப் பார்க்கிறார்கள்.

என் அறிகுறிகள் இவை. காலையில் விரல் மூட்டுகள் இறுகிக் கிடக்கும். ஒன்பதரை மணிவரை சுண்ணக்கட்டியைப் பிடிக்க முடியாது. மாலையில் இலேசான காய்ச்சல். தூங்கி எழுந்தாலும் தீராத களைப்பு. தைராய்டு சரியாக இருக்கிறது. காசநோய் இல்லை என்று பார்த்தாகிவிட்டது. அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர். கூடுதல். முடக்குவாதத்துக்கான ஆர்.ஏ. ஃபேக்டர் இல்லை. ஏ.என்.ஏ. என்ற பரிசோதனை இலேசாக பாசிட்டிவ். இதை வைத்து ஏன் ஒரு பெயர் சொல்லக்கூடாது?

கணித ஆசிரியராக இதற்கு நான் கண்ட விளக்கம் பத்தாம் வகுப்பு நிகழ்தகவுப் பாடத்தில் இருக்கிறது. கணக்குக்காகச் சில எண்களை எடுத்துக்கொள்வோம். 1000 பேரில் 10 பேருக்கு ஒரு நோய் இருக்கிறது. ஒரு பரிசோதனை, நோய் உள்ள 10 பேரில் 9 பேரைச் சரியாகக் காட்டும். நோய் இல்லாத 990 பேரில் பத்தில் ஒருவருக்குத் தவறாக பாசிட்டிவ் காட்டும். அப்படியானால் தவறான பாசிட்டிவ் 99. சரியான பாசிட்டிவ் 9. மொத்தம் 108 பேர் பாசிட்டிவ் என்ற தாளோடு வீட்டுக்குப் போவார்கள். அவர்களில் உண்மையில் நோய் உள்ளவர் பன்னிரண்டில் ஒருவர். இந்தக் கணக்கைப் பத்தாம் வகுப்பில் கொடுத்தேன். பெரும்பாலானவர்கள் முதலில் "90 சதவீதம் மிஸ்" என்றார்கள். மரவரைபடம் போட்டதும் வகுப்பே சிறிது நேரம் அமைதியானது.

ஏ.என்.ஏ. நல்ல உடல்நலம் உள்ள பலருக்கும் பாசிட்டிவ் காட்டக்கூடியது. முடக்குவாதம் உள்ள சிலருக்கோ ஆர்.ஏ. ஃபேக்டர் இருக்காது. அதனால் மருத்துவர் ஒற்றைத் தாளை நம்புவதில்லை. பல அறிகுறிகள், பல பரிசோதனைகள், அவற்றின் காலவரிசை எல்லாம் சேர வேண்டும். இரண்டு பக்க அளவுகளை மட்டும் கொடுத்தால் எத்தனையோ முக்கோணங்கள் வரையலாம். மூன்றாவது அளவு வரும்வரை எது என்று சொல்ல முடியாது. என் மருத்துவர் சொன்னது, இன்னும் வகைப்படுத்த முடியாத இணைப்புத்திசு நோயாக இருக்கலாம், பார்ப்போம் என்று. சிலருக்கு இது சில ஆண்டுகளில் குறிப்பிட்ட ஒரு நோயாகத் தெளிவாகும். சிலருக்கு இப்படியே இருக்கும். சிலருக்குத் தணிந்தும் போகும். எனவே அந்தப் 'பார்ப்போம்' என்பதும் ஒரு மருத்துவ நடவடிக்கைதான். கேட்கிற நமக்குத்தான் அது ஒன்றும் செய்யாததுபோல் தோன்றுகிறது.

'பார்க்க நல்லாத்தானே இருக்கீங்க'

காத்திருப்பின் சிரமம் மருத்துவமனைக்கு வெளியேதான் அதிகம். ஒரு தனியார் மருத்துவமனையில், "எல்லா ரிப்போர்ட்டும் நார்மல்மா, வீட்டுல ஏதாவது டென்ஷனா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். ஆசிரியர் அறையில், "பார்க்க நல்லாத்தானே இருக்கீங்க டீச்சர்?" என்பார்கள். அன்பாகச் சொல்வதுதான். ஆனால் அதற்குப் பதில் சொல்ல நம்மிடம் பெயர் இல்லை. சர்க்கரை என்றால் ஒரு சொல்லில் முடிந்துவிடும். ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பில் மருத்துவமனை நாள்களை அடக்க வேண்டும். அதற்கு மேல் என்றால் மருத்துவச் சான்று. சான்றில் நோயின் பெயர் எழுதும் இடத்துக்கு வரும்போது மருத்துவரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். 'மூட்டுவலி, ஆய்வில்' என்று எழுதித் தருவார். அது உண்மையும்கூட.

ஆளுக்கொரு வைத்தியமும் வரும். முடவாட்டுக்கால் கிழங்கு சூப் குடிக்கச் சொல்லி இதுவரை நான்கு பேர் கூறியிருக்கிறார்கள். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, அங்கே போவோரும் நம்மில் பலர். எந்த முறையில் மருந்து எடுத்தாலும் இரு மருத்துவர்களிடமும் அதைச் சொல்லிவிட வேண்டும் என்பது ஒன்றே என் வேண்டுகோள். மருந்துக்கடையில் வலியைச் சொல்லி வாங்கும் மாத்திரைகளில் இன்னும் கவனம் தேவை. அவற்றில் ஸ்டீராய்டு இருந்தால் வலி மாயமாய்க் குறையும். கூடவே, நோயைக் கண்டறிய உதவும் அடையாளங்களும் மறைந்துபோகும்.

என் தலைமையாசிரியர் பெயரைக் கேட்கவில்லை. "எந்த நேரம் கஷ்டம்?" என்று கேட்டார். காலை என்றேன். கரும்பலகையில் அதிகம் எழுத வேண்டிய பாடங்களை எனக்கு மூன்றாம் பாடவேளைக்கு மேல் மாற்றினார். முதல் பாடவேளையில் மாணவர்களைப் பலகைக்கு அழைத்து எழுத வைக்கிறேன். அதற்கு அரசாணை எதுவும் தேவைப்படவில்லை.

எட்டாம் வகுப்பு மாணவி

அவள் அம்மா சானடோரியம் மெப்ஸ் வளாகத்தில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் தையல் வேலை செய்கிறார். ஜூன் முதலே பிள்ளைக்கு அவ்வப்போது வயிற்றுவலி. விடுப்பு அதிகமாயிற்று. அம்மாவை அழைத்துப் பேசினேன்.

"ஒரு நாள் லீவு போட்டா அன்னிக்குச் சம்பளம் போயிடும் மிஸ். அப்பிடியும் கூட்டிட்டுப் போனா, 'எப்பலேர்ந்து வலி, சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா'ன்னு டாக்டர் கேக்கிறாங்க. காலைல ஆறரைக்கு நான் கிளம்பிடறேன். எனக்கு என்ன மிஸ் தெரியும்?"

இந்தக் கேள்விக்குப் பதில் பள்ளியில்தான் இருக்கிறது. பகலில் அவளை ஆறேழு மணிநேரம் பார்ப்பவர்கள் நாம். மருத்துவர் பார்ப்பது சில நிமிடங்கள். அன்றிலிருந்து ஒரு நீளத் தாளில் குறிக்கத் தொடங்கினேன். தேதி, நேரம், என்ன நடந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, அதற்கு முன் என்ன சாப்பிட்டாள், எத்தனை முறை கழிப்பறைக்குப் போனாள், எதனால் குறைந்தது. மற்ற பாட ஆசிரியர்களும் அதே தாளில் எழுதினார்கள். தமிழாசிரியர் எழுதிய ஒரு வரி எனக்குப் பிடித்தது: "வலி என்று சொல்லவில்லை, எழுதுவதை நிறுத்திவிட்டுப் பேனாவை மூடி வைத்தாள், 10 நிமிடம்." நோயின் பெயரை ஊகித்து யாரும் எழுதவில்லை. கண்டதை மட்டும் எழுதினோம்.

மாதம் ஒருமுறை பள்ளி எடைப் பொறியில் எடை பார்த்தோம். ஜூனில் 34 கிலோ. ஆகஸ்டில் 33. அக்டோபரில் 31.5. வளர்கிற வயதில் எடை ஏறாமல் நிற்பதே கவனிக்க வேண்டியது, குறைவது அதைவிட முக்கியமானது. "சும்மா நடிக்கிறா மிஸ்" என்று வகுப்பில் ஒரு பேச்சு இருந்தது. நடிப்பால் எடை குறையாது. இதை அவள் இல்லாத ஒரு நாளில், அவள் பெயரைச் சொல்லாமல், பொதுவாகப் பேசினேன்.

அந்தத் தாளை அம்மா எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டு போனார். மருத்துவர் முதலில் எடைகளைத்தான் பார்த்தாராம். இப்போது பரிசோதனைகள் நடக்கின்றன. குடல் காசநோயா, குரோன் நோய் என்ற நாட்பட்ட குடல் அழற்சியா என்று பார்க்கிறார்கள். இரண்டும் அறிகுறியிலும் ஸ்கேனிலும் ஒன்றுபோலவே தோன்றும், அனுபவம் உள்ளவர்களுக்கும் பிரித்தறிவது கடினம். ஆனால் சிகிச்சை வேறு வேறு. குரோன் நோய்க்குத் தரும் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளைக் காசநோய் உள்ளவருக்குக் கொடுத்தால் காசநோய் பெருகிவிடும். அவசரப்பட்டு ஒரு பெயரை வைத்துவிடாமல் இருப்பதற்கு இப்படியும் காரணம் இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னபோதுதான் அவருக்குக் கோபம் தணிந்தது.

பள்ளி அளவில் செய்யக்கூடியவை

சான்று கேட்கும் சலுகைகளும் உண்டு, கேட்காத உதவிகளும் உண்டு. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்றவை மருத்துவச் சான்றின் பேரில்தான் கிடைக்கும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-ல் 21 வகைகள் உள்ளன. பெயர் வைக்கப்படாத நோய் அவற்றில் அடங்காது. ஆனால் கதவருகே இருக்கை, கேட்காமலே கழிப்பறைக்குப் போக அனுமதி, வகுப்பில் தண்ணீர்க் குடுவை, விடுபட்ட பாடத்தைத் தோழியின் குறிப்பேட்டிலிருந்து எழுத நேரம், வகுப்புத் தேர்வை வாய்மொழியாக வைத்தல் ஆகியவற்றுக்கு யாருடைய சான்றும் வேண்டாம். சத்துணவு அமைப்பாளரிடம் ஒரு வார்த்தை சொன்னால், ஒரே முறையில் கொடுப்பதை இரண்டாகப் பிரித்துக் கொடுப்பார். எமிஸ் செயலியில் வருகை, வருகையின்மை என்றுதான் பதிய முடியும். காரணத்தை நம் குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும்.

2013 முதல் நடக்கும் ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் மருத்துவக் குழுவினர் பள்ளிக்கு வருகிறார்கள். வரிசையில் நிற்கும் நூறு பிள்ளைகளில் இந்தப் பிள்ளையும் ஒருத்தியாகக் கடந்து போய்விடக் கூடாது. தாளை முன்கூட்டியே எடுத்து வைத்து, அவளை முதலில் காட்ட வேண்டும். மேல் சிகிச்சைக்கு அவர்கள் எழுதித் தரும் பரிந்துரை, பெற்றோருக்குப் பெரிய மருத்துவமனையில் எங்கே போவது என்ற குழப்பத்தைக் குறைக்கும்.

காத்திருக்கக் கூடாதவையும் இருக்கின்றன. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம், உடனே அனுப்ப வேண்டும். விடாத காய்ச்சல், மலத்தில் இரத்தம், மூச்சுத்திணறல், மயக்கம், நிற்காத வாந்தி ஆகியவற்றுக்குத் தாளில் குறித்துக்கொண்டிருக்க நேரமில்லை, அன்றே மருத்துவமனை. மனம் சோர்ந்து, "இருந்து என்ன பயன்" என்ற பேச்சு பிள்ளையிடமிருந்தோ சக ஆசிரியரிடமிருந்தோ வந்தால், அதையும் உடல் அறிகுறிபோலவே உடனே எடுத்துக்கொள்ள வேண்டும். தனியே விடாமல் உடன் இருங்கள். டெலி மனஸ் உதவி எண் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

ஒன்றை மட்டும் தவிர்க்கலாம். நீண்ட விடுப்புக்குப் பின் வரும் பிள்ளையிடம் "என்னன்னு கண்டுபிடிச்சாங்களா?" என்று ஒவ்வொரு ஆசிரியரும் கேட்பது. அவளிடம் பதில் இல்லை, அதை ஒரு நாளில் ஏழு முறை சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் பள்ளியில் இப்போது "இன்னிக்கு எப்படி இருக்கு?" என்று வகுப்பாசிரியர் மட்டும் கேட்கிறார். அவள் சில நாள் விரலால் காட்டுவாள், ஐந்துக்கு எத்தனை என்று. நேற்று மூன்று. அடுத்த மாதம் எழும்பூரில் உள்நோக்கிப் பரிசோதனைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். அன்று அம்மாவுக்குச் சம்பள நாள் போகாமல் இருக்க, மெப்ஸில் இரண்டாவது ஷிப்டுக்கு மாற்றிக் கேட்டிருக்கிறார். அரையாண்டுத் தேர்வின் கணிதத் தாளை அவள் முழுவதும் எழுதினாள், நடுவில் இரண்டு முறை வெளியே போய் வந்து.